பிரித்துப் பார்க்காத பொதி

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டுக்குப் புறப்பட்டால் அவருடைய பெட்டியில் பாதி அவருக்குச் சொந்தமில்லை. கருங்கல் ஊர்ச் சந்தையை ஒட்டிக் கீழே இறங்கும் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் அரபு நாட்டில் ஓர் ஆள் உண்டு. பயணத் தேதி தெரிந்ததும் பொதிகள் வர ஆரம்பிக்கும். மகனுக்கு மரச்சீனிக் கிழங்கு வற்றல், மருமகனுக்கு நெத்திலிக் கருவாடு, தங்கைக்குக் குடம்புளி, பேரனுக்கு முந்திரிக்கொத்து. கொடுத்துவிடுவது அவர்களுடைய உரிமை. வாங்கிக்கொள்வது நம்முடைய மரியாதை. வாங்கிய பொதியைப் பிரித்துப் பார்ப்பது மட்டும் கூடாது. பிரித்தால் கொடுத்தவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதனால் பிரிக்கவே முடியாதபடிதான் கட்டுவார்கள். உள்ளே பிளாஸ்டிக் கவர், அதன்மேல் பழைய வேட்டித் துணி, சுற்றிலும் கோணி ஊசியால் நெருக்கமாகப் போட்ட தையல்.

துணியின்மேல் பெயரும் ஃபோன் நம்பரும் எழுதித் தருவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காகப் பரிசு வாங்கியவள் நான். தெருவில் யார் புறப்பட்டாலும் அதற்கு முன்தினம் எங்கள் வீட்டு முற்றத்தில் பொதிகள் வரிசையாக இருக்கும். மார்க்கர் பேனாவோடு நான் உட்கார்ந்திருப்பேன். அம்மா உள்ளேயிருந்து அடிக்கடி எட்டிப் பார்ப்பாள். நான் எழுதுவதைப் பார்க்கத்தான் அவள் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவள். அதை எங்கள் ஊரில் அண்டியாபீசு என்பார்கள். அப்பா சந்தையில் சுமை இறக்குபவர். ‘நம்ம வீட்டுல கைநாட்டு வைக்காத மொதல் கை இதாக்கும்’ என்று என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, கூடச் சுமை இறக்குகிறவர்களிடம் காட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் கையை இழுத்துக்கொண்டதில்லை.

நான் நர்சிங் முடித்தேன். அரபு நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. அதற்கான உரிமத் தேர்வு, நேர்முகத் தேர்வு, சான்றிதழ்களுக்கு முத்திரை, நர்சுகள் வெளிநாடு போக அரசாங்கம் கேட்கும் தனி அனுமதி, எல்லாவற்றையும் நானே அலைந்து முடித்தேன். ஏஜெண்ட் யாரும் இல்லை. வாசிக்கத் தெரியாத ஒரு தாளில்கூட நான் கையெழுத்துப் போடவில்லை. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, புரியாத இடத்தை மின்னஞ்சலில் கேட்டுத் தெளிந்த பிறகுதான் போட்டேன். இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு அந்தப் பெருமை இருந்தது.

அம்மாவோடு வேலை செய்யும் ஒருத்தியை நான் மாமி என்று கூப்பிடுவேன். அவளுடைய மகள் என்னைவிடச் சற்று மூத்தவள். நான் போகவிருந்த அதே நகரத்தில் பள்ளிக்கூட வண்டியில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். புருஷன் அங்கேயே டிரைவர். அவளுக்கு முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேறு பார்க்கத் தான் போயே ஆகவேண்டும் என்று மாமி பாஸ்போர்ட் எடுத்தாள். விசாவுக்குக் கைரேகை பதிய வேண்டும் என்றார்கள். இரணியலில் ரயிலேறி நான்தான் அவளைக் கொச்சியிலிருந்த விசா மையத்துக்குக் கூட்டிப் போனேன்.

மாமி கண்ணாடிமேல் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து வந்து, மாமியின் கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கூடப் பார்த்தாள். பிறகு விரலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டி, ‘இதில் கோடே இல்லையே’ என்று மலையாளத்தில் சொன்னாள்.

‘எல்லாம் அண்டி திண்ணுட்டு மோளே’ என்றாள் மாமி, சிரித்துக்கொண்டே.

முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவளுடைய விரல்நுனிகள் கறுத்து வழவழவென்று ஆகியிருந்தன. என் அம்மாவுக்கும் அப்படித்தான். ரேஷன் கடை இயந்திரம் அவளுடைய விரலை ஏற்காமல் எத்தனையோ தடவை வெறும் பையோடு திரும்பியிருக்கிறாள். வேலைக்குப் போகாமல் கொஞ்ச நாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்துவிட்டு மாமி இரண்டாவது முறையும் போனாள். அப்போதும் சிவப்பு விளக்குத்தான். திரும்பும் ரயிலில் அவள் விரலைச் சேலை முனையால் துடைத்துக்கொண்டே வந்தாள். வள்ளியூர் வண்டியா நாகர்கோவில் வண்டியா என்று பக்கத்தில் ஒருவர் கேட்டபோதும் தலை நிமிரவில்லை.

ஆள் போக முடியாததால், மருந்தை அனுப்ப முடிவு செய்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் இடிமருந்து. எங்கள் ஊரில் அவளைப் பெற்ற தாய்தான் அதை இடிக்க வேண்டும். சுக்கும் திப்பிலியும் இடிபடும் வாசனை இரண்டு நாளாகத் தெருவில் இருந்தது. தையல் போட்ட பொதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் மகளுடைய பெயரையும் நம்பரையும் பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில், அழகாக எழுதினேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். அம்மா, அப்பா, மாமி, பக்கத்து வீட்டுப் பெண்கள். வழியில் சாப்பிட இலைப்பொதி, ஜெபம், அழுகை, கொஞ்சம் கேலி. காலை வெயிலில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லோரும் கையசைத்தார்கள். பெட்டி எடைக்குள் நின்றது. பெல்ட்டில் ஏறி ரப்பர்த் திரைக்குப் பின்னால் மறைந்தது. சோதனை முடிந்து உள்ளே போய் உட்கார்ந்தபோது நான் எல்லாவற்றையும் ஒரு தவறும் இல்லாமல் செய்து முடித்தவளைப் போல நிம்மதியாக இருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இரணியல்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அரபு நாட்டில் ஏசி மெக்கானிக். லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

‘தங்கச்சி மொதல் தடவையாக்கும் போறது?’

‘எப்பிடி தெரியும்?’

‘பாஸ்போர்ட்ட நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருக்கியே. அது ஓடிப் போவாது. பையில வையி.’

வைத்தேன். அவர் சிரித்தார்.

‘பொதி எவ்வளவு உண்டு?’

‘பெட்டியில பாதி அதுதான்.’

‘எனக்கும் உண்டு. கோழிய மட்டுந்தான் உயிரோட தந்து விடல்ல. ஆனா ஒண்ணு, நான் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வச்சேன். அதுக்கு வீட்டுக்காரி எனக்கிட்ட ரெண்டு நாளா வாயத் தொறந்து மிண்டல்ல.’

‘எதுக்கு பிரிச்சிய?’

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ‘எனக்க ரூம்ல ஒரு பய இருந்தான், மார்த்தாண்டத்துக்காரன். கறிக்கு அரைக்க அவனுக்க அம்மை ஒரு கைப்பிடி கசகசா கெட்டிக் குடுத்திருக்கு. அங்க எறங்கினதும் பிடிச்சிட்டானுவ. நமக்கு அது பலசரக்குக் கடைச் சாதனம். அவனுவளுக்கு அபின்.’

‘அப்புறம் அந்த ஆள் எப்ப வந்தாரு?’

‘எங்க வந்தான்? அவனுக்க கட்டில்ல இப்ப வேற ஆள் கெடக்கு.’

மார்ஃபின் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தச் செடியின் விதைதான் எங்கள் அடுக்களையில் ஹார்லிக்ஸ் குப்பியில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை. பாடம் வேறு, அடுக்களை வேறு என்று இருந்துவிட்டது.

இடிமருந்தில் என்னென்ன சேரும் என்று யோசித்தேன். எழுந்து சுவரோரம் போய் மாமியின் ஃபோனுக்குப் போட்டேன். வேன் அதற்குள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம், பேச்சு, யாரோ எதையோ மெல்லும் சத்தம்.

‘மோளே, பிளேன் ஏறியாச்சா?’

‘இல்ல மாமி. அந்த மருந்துல என்னெல்லாம் சேத்திருக்கிய?’

‘எதுக்கு? நீ இப்பமே இடிச்சுப் பழகப் போறியா? மொதல்ல ஒரு மாப்பிள பாக்கட்டு.’ வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள்.

‘சும்மாதான் மாமி. அவ கேட்டா சொல்லணும்லா.’

‘சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, வெந்தயம்…’

‘கசகசா?’

‘அது இல்லாம மருந்து உண்டா? இடிச்சதுல கொஞ்சம் சேத்திருக்கேன். பின்ன தனியாவும் ஒரு கவர்ல கெட்டி வச்சிருக்கேன். பால்ல அரைச்சுக் குடிக்கச் சொல்லு. பெத்தவளுக்கு ஒறக்கம் வேணும்லா.’

அம்மா ஃபோனை வாங்கினாள். ‘ஏன் மக்கா, ஒனக்க சத்தம் ஒருமாதிரி இருக்கு?’

‘ஏசிம்மா. தொண்டை கட்டியிருக்கு.’

‘சால்வை கைப்பையிலதான் இருக்கு. எடுத்துப் போடு. வெப்ராளப்படாத, ஒண்ணும் ஆவாது.’

வைத்துவிட்டேன். அவர்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? வேன் நிறைய அழுவார்கள்.

விமானம் ஏறும் வாசலில் நின்றிருந்த விமான நிறுவனப் பெண்ணிடம் போனேன். ஏற்றிய பெட்டியை ஒரு நிமிடம் திறக்க முடியுமா என்று கேட்டேன். என்ன காரணம் என்றாள். உள்ளே ஒரு சார்ஜர் இருக்கிறது என்றேன்.

‘பெட்டியை இறக்கணும்னா நீங்களும் இறங்கணும். உள்ளே என்ன இருக்குன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லணும். கூப்பிடட்டுமா?’

அவள் கையில் வாக்கிடாக்கி இருந்தது. அதன் பொத்தான்மேல் கட்டைவிரல் இருந்தது. என்னுடைய நுழைவு அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது. இந்த விமானத்தை விட்டால் அந்த வேலை இல்லை. போலீஸ் ஒரு தடவை என் பெயரை எழுதிக்கொண்டால் வேறு வேலையும் இல்லை. மருத்துவமனைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அப்பா சந்தையில் என்ன சொல்வார்?

‘வேண்டாம்’ என்றேன். ‘அங்கே போய் வாங்கிக்கிறேன்.’

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. கடல் எப்படி இருந்தது என்று அம்மா பிறகு கேட்டாள். நான் பார்க்கவில்லை. தட்டில் சாப்பாடு வந்தது. ஒரு கிண்ணத்தில், வீட்டில் கசகசா அரைத்துச் செய்வது போன்ற வெள்ளைக் குருமா. அதன் மணம் எழுந்ததுமே மூடிவிட்டேன். வயிற்றுக்குள் பெட்டியைச் சுமந்துகொண்டு போவதைப் போல இருந்தது. இப்போது அது எனக்கு நேர் கீழே இருக்கும், இப்போது கொஞ்சம் சரிந்திருக்கும், தையல் பிரிந்து விதை சிதறியிருந்தால் என் சீருடையின் மடிப்புகளில், வெள்ளைக் காலணிக்குள், எங்கேயெல்லாம் போயிருக்கும் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

இரணியல்காரர் நடைபாதையில் வந்து குனிந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

‘உண்டா?’ என்றார்.

தலையசைத்தேன்.

அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. ‘ஒரு காரியம் சொல்லுதேன், கேளு. பெட்டிய எடுக்காத. பெல்டுல கெடந்து சுத்தட்டு. நீ கைப்பையோட வெளியே போயிரு. துணிமணி எங்க வேணும்னாலும் வாங்கலாம்.’

‘பெட்டியில எனக்க பேரு ஒட்டியிருக்கே அண்ணா.’

‘காணாமப் போச்சுன்னு சொல்லு.’ பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, ‘நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லாண்டாம், கேட்டியா’ என்றார். தன் இருக்கைக்குப் போனவர் அதன்பின் திரும்பவில்லை.

பெட்டிகள் வரும் இடத்தில் கூட்டம் அடர்த்தியாக நின்றது. கயிறு கட்டியவை, பாயைப் போலச் சுருட்டியவை, மார்க்கரில் பெரிது பெரிதாக ஊர்ப்பெயர் எழுதியவை. அடையாளத்துக்காக அம்மா சிவப்பு ரிப்பன் கட்டியிருந்த என் நீலப் பெட்டி வளைவில் திரும்பி வந்தது. என் முழங்காலுக்கு முன்னால் கடந்து போனது. நான் கையை நீட்டவில்லை. அது ரப்பர்த் திரைக்குள் போய், சுற்றிவிட்டு, மறுபடி வந்தது.

இரணியல்காரர் தன் பெட்டிகளை எடுத்துக்கொண்டு என் பக்கமாகவே போனார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நானும் கூப்பிடவில்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

அங்கேயே பெட்டியைத் திறந்து பொதியை எடுத்துக் கழிவறையில் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மேலே பார்த்தேன். கறுப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு கேமரா. மண்டியிட்டுப் பெட்டிக்குள் கைவிட்டுத் தேடும் ஒரு பெண்ணை அது எப்படிப் பார்க்கும்?

அப்படியானால் விட்டுவிட்டுப் போகலாம். காலைக்கூட ஒரு எட்டு பின்னால் வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்தத் துணியின்மேல் இருந்த எழுத்து நினைவுக்கு வந்தது. யாரும் எடுக்காத பெட்டியைத் திறப்பார்கள். பொதி கிடைக்கும். அதன்மேல் என் பெயர் இல்லை. மாமியின் மகள் பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, எந்த நாட்டுக்காரனும் வாசிக்கும்படி அழகாக. அவள் அந்த வாரம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுடைய வீட்டுக் கதவையும் தட்டுவார்கள்.

பெட்டி நாலாவதோ ஐந்தாவதோ சுற்றில் வந்தபோது எடுத்தேன். சுங்கத்தில் காட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்கான பச்சை விளக்கு வழியில் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு இருந்த வழியில் யாரும் இல்லை. அங்கே மேஜைக்குப் பின்னால் கறுப்பு உடையில் என் வயதுள்ள ஒரு பெண் அதிகாரி நின்றாள். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். நேர்முகத் தேர்வில் அதைப் பாராட்டினார்கள். அன்று வாயிலிருந்து சொற்கள் துண்டு துண்டாகத்தான் வந்தன. மருந்து இருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்கு, அதில் ஒரு விதை, எனக்குத் தெரியாது, விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

அவள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பின்னால் இருந்த அறையைக் காட்டினாள்.

அறையில் தரையோடு பொருத்திய நாற்காலிகள் இருந்தன. கையுறை போட்டுக்கொண்டு ஒருவர் பெட்டியிலிருந்த ஒவ்வொரு பொதியையும் பிளேடால் கீறினார். வற்றல், கருவாடு, முந்திரிக்கொத்து. எங்கள் தெருவின் எல்லா அடுக்களைகளும் அந்த மேஜைமேல் திறந்து கிடந்தன. கடைசியாக மாமியின் பொதி. தையல் நெருக்கமாக இருந்ததால் துணியை இழுத்துக் கிழித்தார். மருந்து வாசனை அறை முழுக்கப் பரவியது. சின்ன கவரிலிருந்த விதையை உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் பரப்பிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டிய சத்தம் கேட்டதா இல்லையா என்று எனக்கு நிச்சயமில்லை. எழுந்து போய்த் தள்ளிப் பார்க்கத் தைரியமும் இல்லை. கட்டிலில் வேறு ஆள் படுத்திருக்கும் அந்த மார்த்தாண்டத்துக்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாரா? அவர் முதலிலேயே சொல்லியிருப்பாரா, பிடித்த பிறகு சொல்லியிருப்பாரா? எது நல்லது?

அந்தப் பெண் திரும்பி வந்து, துணியிலிருந்த நம்பரைப் பார்த்து மேஜை ஃபோனில் அழுத்தினாள். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டாள்.

‘ஏட்டி, வந்து எத்தியாச்சா?’ களைத்த குரல். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம். ‘ஏட்டி? அம்மை மருந்து தந்து விட்டாளா?’

நான் வாயைத் திறந்தேன். அதிகாரி விரலை உயர்த்தினாள். மூடிக்கொண்டேன். குழந்தை அழுவதை இருவரும் கொஞ்ச நேரம் கேட்டோம். பிறகு அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. குழந்தை அழுவது மட்டும் புரிந்திருக்கும்.

வயதான அதிகாரி ஒருவர் வந்தார். என் உரிமத் தாளையும் மருத்துவமனைக் கடிதத்தையும் படித்தார். முதல் தடவையா என்றார். ஆமாம் என்றேன். நர்சுக்கு இது தெரியாதா என்றார். அவரும் அந்தப் பெண்ணும் அரபியில் பேசிக்கொண்டார்கள். நீண்ட பேச்சு.

கடைசியில் ஒரு தாள் என் முன்னால் வந்தது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ‘இந்தப் பொருளை எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஒரே வரி சொன்னார். தாளில் பல வரிகள் இருந்தன. நான் பேனாவை எடுத்தேன்.

‘பேனா வேண்டாம். விரல்’ என்றார்.

மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கட்டைவிரலை அழுத்தினேன். தாளில் வைத்தேன். கோடு கோடாக, ஒரே தடவையில், தெளிவாகப் பதிந்தது. அந்தப் பெண் மை துடைக்க ஒரு காகிதம் தந்தாள். எவ்வளவு துடைத்தும் நகக்கண்ணில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

போகச் சொன்னார்கள். அந்தத் தாளின் பிரதி எனக்குத் தரவில்லை. கேட்கவும் இல்லை.

வெளியே மருத்துவமனை வண்டிக்காரர் எரிச்சலோடு காத்திருந்தார். பெட்டி தாமதமானது என்று பொய் சொன்னேன். அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

முதல் வெள்ளிக்கிழமை மாமியின் மகளைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். மருந்து போனதற்கு அவள் வருத்தப்படவில்லை. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

‘எனக்க நம்பர் அவனுவகிட்ட உண்டா?’

‘உண்டு.’

அவள் புருஷன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ‘இனி இஞ்ச வராண்டாம்’ என்றார், கோபமில்லாமல். ‘நீ நல்ல பிள்ளைதான். ஆனா வராண்டாம்.’ அடுத்த வாரம் அவர்களுடைய நம்பர் மாறியிருந்தது. புது நம்பரை எனக்குத் தரவில்லை.

வேலை நன்றாகவே போனது. வார்டில் மார்ஃபின் குப்பிகள் இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும். எடுக்கும்போது இரண்டு நர்சுகள் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் பேசிக்கொண்டே போடுவார்கள். நான் குப்பியைக் கையில் வாங்கியதும் கதவைப் பார்ப்பேன். போலீஸ்காரர் யாராவது நோயாளியோடு வந்தால், என்னைத் தேடித்தான் வருகிறார் என்று தோன்றி, அலமாரிப் பூட்டை மறுபடி இழுத்துப் பார்ப்பேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அரபி தெரிந்த தோழியிடம்கூடக் கேட்டதில்லை. கேட்க என்னிடம் தாளும் இல்லை.

முதல் லீவில் ஊருக்கு வந்தேன். மகள் வழியாக மாமிக்கு ஏதோ தெரிந்திருந்தது. எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெருவில் பார்த்தால் சிரிப்பாள். வீட்டுக்கு வரவில்லை. திரும்பும் நாள் நெருங்கியதும் வழக்கம்போலப் பொதிகள் வந்தன. முற்றத்தில் மேஜையைப் போட்டு, ஒவ்வொன்றையும் கொடுத்தவர் முன்னாலேயே கத்தரிக்கோலால் பிரித்தேன். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. ‘எங்கள நம்பாட்டா எதுக்கு வாங்குத?’ என்று ஒருத்தி பொதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். ‘படிச்ச பிள்ளைல்லா, அப்பிடித்தான் இருக்கும்’ என்றாள் இன்னொருத்தி. நான் நிறுத்தவில்லை. கசகசா சேர்ந்திருக்கக்கூடிய கறிப்பொடிகளைத் தனியே எடுத்து வைத்தேன். எதன்மேலும் பெயர் எழுதவில்லை. யாருக்கு எது என்பதை மனதில் வைத்துக்கொண்டேன்.

புறப்படும் அன்று வேன் கிளம்பும்போது மாமி வந்தாள். ஆலையிலிருந்து நேரே வந்திருந்தாள். ஜன்னலோரம் நின்று, இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். கறுத்த, வழவழத்த விரல்கள்.

‘பாத்துக்கோ மோளே. எனக்க கையில ஒண்ணும் இல்ல.’

வேனில் சிலர் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. ஒரு கையை ஜன்னலுக்குள் நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். ‘பேரப்பிள்ளைய தூரத்துல நின்னாவது பாத்துட்டு எனக்குச் சொல்லு. எனக்க விரல அவனுவ எடுக்க மாட்டானுவ’ என்றாள். ஆகட்டும் என்றேன். அந்த வீட்டுக் கதவு எனக்கு முன்னால் சாத்தப்பட்டதை அவளிடம் சொல்லவில்லை.

அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட் கூண்டின் முன்னால் வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்றவர்கள் விரலை வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, போனார்கள். என் முறை வந்தது. கைகள் ஈரமாக இருந்தன. சுடிதாரில் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைக் கண்ணாடிமேல் வைத்தேன். உடனே பதிந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார். முத்திரையைக் கையில் எடுக்கவில்லை. பக்கத்துக் கூண்டில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் எட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, திரையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார். விரலை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், கண்ணாடிமேல் வைத்தபடியே நின்றேன்.

கடைசியில் முத்திரை விழுந்தது. அவர்கள் பேசியது என்னைப் பற்றியா, மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியா, எனக்குத் தெரியாது. பெட்டி வரும் இடத்துக்கு நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் என் விரல் இருந்த இடத்தில் வேர்வை ஒரு வட்டமாக நின்றிருந்தது. அடுத்து வந்தவர் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தன் விரலை வைத்தார்.